காட்டுத்தீக்குப் பிறகு எதை அளப்பது? ஐந்து மதிப்பீட்டு வழிகளின் ஒப்பீடு

பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மஸ்கெலியா, ஹற்றன் பக்கத்து மலைகளிலும், யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவிலும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகளிலும் தீ பரவும் போதெல்லாம் கொழும்பில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. பல்கலைக்கழக மாணவர் குழுக்களும், தலைநகரில் அலுவலகம் வைத்து மலையகத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களும், தீயால் காட்டுக்கும் விலங்குகளுக்கும் மீன்களுக்கும் என்ன நேர்ந்தது, இனி என்ன நேரக்கூடும் என்பதை மதிப்பிட விரும்புகின்றன. கையில் இருக்கும் பணமோ ஒரு முறைக்குத்தான் போதும், மிஞ்சினால் இரண்டு. செய்மதிப் படத்தோடு நிறுத்திக்கொள்வதா, ஆட்களை மலைக்கு அனுப்புவதா, கமரா வைப்பதா, ஓடை நீரைச் சோதிப்பதா, நிபுணர்களைக் கூட்டி ஓர் அட்டவணை தயாரிப்பதா என்று வாசகர்கள் பலர் கேட்டு எழுதியிருப்பதால், இந்த ஐந்தையும் ஒரே அளவுகோல்களில் வைத்துப் பார்க்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எரிந்த ஹெக்டயர் எண்ணிக்கையை அபாயத்தின் அளவாக எடுத்துக்கொள்வதுதான் நம்மிடையே மிகப் பரவலான தவறு. பத்தனை எனப்படும் மலைப் புல்வெளியில் ஐம்பது ஹெக்டயர் மானாப்புல் எரிந்தால் முதல் மழையோடு அது மறுபடி தளிர்த்துவிடும். ஊவாவின் புல்வெளிகளில் நிற்கும் நெல்லி, கடுக்காய், தான்றி போன்றவை காலங்காலமாகத் தீயோடு வாழ்ந்து பழகிய மரங்கள். ஆனால் ஓடையை ஒட்டிய மலைக்காட்டில் இரண்டே ஹெக்டயர் எரிந்தாலும், மெல்லிய பட்டையுள்ள மரங்கள் மெதுவாகச் செத்து, அந்த இடத்தைப் புல் பிடித்துக்கொள்ள, அடுத்த தீ இன்னும் உள்ளே நுழையும். செய்தியில் முதலாவதுதான் பெரிய தீயாக வரும்.

## அளவுகோல்கள்

முதலில் கேட்க வேண்டியது, இந்த மதிப்பீட்டை வைத்து யார் என்ன முடிவு எடுக்கப்போகிறார் என்பது. மண்ணரிப்பைத் தடுக்கும் வேலையா, மரநடுகையா, அடுத்த ஆண்டுக்கான தீத்தடுப்புப் பாதையா, ஓர் உயிரினத்தைக் காப்பாற்றும் அவசர நடவடிக்கையா என்பது தெரியாமல் முறையைத் தேர்ந்தால், தடித்த அறிக்கை ஒன்று கிடைக்கும், அதை யாரும் பயன்படுத்த மாட்டார்கள்.

இரண்டாவது காலம். கிழக்குச் சரிவில் செப்டெம்பரில் அணைந்த தீக்கு ஒக்டோபரின் இடைப்பருவ மழையே கெடு. மேற்குச் சரிவில் மார்ச்சில் எரிந்தால், அதே மாதக் கடைசியில் பின்னேர இடிமழை தொடங்கிவிடலாம். மழைக்கு முன் கைக்கு வர வேண்டிய விடை மழைக்குப் பின் வந்தால் அதற்கு வரலாற்று மதிப்பு மட்டுமே உண்டு.

மூன்றாவது, அந்த முறையின் கண்ணுக்கு எந்த உயிர் தெரியும், எது தெரியாது என்பது. நான்காவது, தீக்கு முந்திய தரவு இருக்கிறதா என்பது. மதிப்பீடுகள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான், ஏனென்றால் முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் என்ன இழந்தோம் என்றும் சொல்ல முடியாது. பணமும் அனுமதியும் ஐந்தாவது. கடைசியாக, முறை பிழைத்தால் எந்தப் பக்கம் பிழைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்: ஆபத்தைப் பெரிதாக்கிக் காட்டுமா, மறைத்துவிடுமா?

## செய்மதிப் படம்

மலிவும் வேகமும் இதன் பலம். செண்டினல்-2 செய்மதிகள் ஐந்து நாளுக்கு ஒரு முறை 10 முதல் 20 மீற்றர் நுணுக்கத்திலும், லாண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒரு முறை 30 மீற்றர் நுணுக்கத்திலும் நம் தலைக்கு மேல் படமெடுக்கின்றன; படங்கள் இலவசம். பச்சை இலை அண்மை அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் தெறிக்கும், கரிந்த நிலமோ குறுஅலை அகச்சிவப்பைக் கூடுதலாகத் தெறிக்கும். இரண்டையும் சேர்த்துக் கணிக்கும் எரிவு விகிதத்தைத் தீக்கு முன்னும் பின்னும் எடுத்துக் கழித்தால் எரிவின் கடுமை வரைபடமாகிவிடும். கணினியோடு பழகிய ஒரு மாணவி கொழும்பில் இருந்தபடியே இதை ஒரு நாளில் முடித்துவிடலாம்.

மறைசெலவு, அந்தப் படத்தை எப்படி வாசிப்பது என்பதில் இருக்கிறது. அந்த வித்தியாசம் 0.1-க்குக் கீழ் என்றால் எரியாதது, 0.66-க்கு மேல் என்றால் கடுமையாக எரிந்தது என்று பலரும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாளும் எல்லைகள் அமெரிக்க நிலங்களில் பிறந்தவை. பத்தனைக்கும் மலைக்காட்டுக்கும் பைனஸ் தோட்டத்துக்கும் ஒரே எல்லையை வைப்பது பொருந்தாது. தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டினாலும் இலை போய்விடுவதால் அந்த இடமும் எரிந்ததுபோலத் தெரியக்கூடும். முந்திய படத்தை மழைக்காலத்திலும் பிந்திய படத்தை வரட்சியிலும் எடுத்தால், வெறுமனே காய்ந்த புல் எல்லாம் தீப்பட்ட கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே முந்திய படத்தைத் தீக்குச் சற்று முன்னரோ, அல்லது கடந்த ஆண்டின் அதே பருவத்திலோ எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: புல் சில வாரங்களில் தளிர்த்துவிடுவதால், முகில் விலகட்டும் என்று காத்திருந்தால் எரிந்த இடமே படத்தில் காணாமல் போய்விடும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை வேறு. உயரமான மரங்களின் தலை பச்சையாகவே நிற்க, கீழே சருகும் சிறுசெடிகளும் மட்டும் எரியும் தரைத்தீ, மேலிருந்து பார்க்கும் செய்மதிக்கு அநேகமாகத் தெரியாது. நக்கிள்ஸைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இலைமூக்கு ஓணான் வாழ்வது அந்தக் கீழடுக்கில்தான். படம் பச்சை என்று சொல்லும் இடத்தில் அதன் வீடே எரிந்திருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாசாவின் இணைய வரைபடத்தில் காணும் சிவப்புப் புள்ளிகளை எண்ணி எரிந்த பரப்பைக் கணக்கிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளைத் தரும் விஐஐஆர்எஸ் என்ற செய்மதிக் கருவியின் ஒரு கட்டம் 375 மீற்றர் அகலம். அதாவது ஒரு புள்ளி ஏறத்தாழ 14 ஹெக்டயருக்குள் எங்கோ சூடு இருந்தது என்று மட்டுமே சொல்கிறது. செய்மதி கடந்து போகும் நேரங்களுக்கு இடையே மூண்டு அணைந்த தீக்குப் புள்ளியே விழாது. எச்சரிக்கைக்கு அது நல்லது, பரப்பளவுக்கு உதவாது.

## நிலத்தில் இறங்கிப் பார்க்கும் சிறுவட்டங்கள்

30 மீற்றர் விட்டமுள்ள வட்டங்களை எரிந்த காட்டில் அங்கங்கே குறித்து, தரை, ஒரு மீற்றருக்குக் கீழான செடிகள், உயர்ந்த புதர்கள், இடைத்தர மரங்கள், பெருமரங்கள் என்று ஐந்து அடுக்குகளுக்கும் 0 முதல் 3 வரை புள்ளியிடுவது உலகம் முழுக்கப் பயன்படும் முறை. செய்மதிக்குத் தெரியாத கீழடுக்கு இங்கே முழுதாகத் தெரியும்.

மண்ணையும் அதே வட்டத்தில் சோதிக்கலாம், கருவி எதுவும் வேண்டாம். மேற்பரப்புச் சாம்பலை மெல்ல ஒதுக்கிவிட்டு, வெளிப்படும் மண்ணில் ஒரு சொட்டு நீர் விட வேண்டும். சொட்டு உடனே உறிஞ்சப்பட்டால் கவலை இல்லை. ஐந்து விநாடிக்கு மேலும் முத்துப்போல அப்படியே நின்றால், எரிந்த சருகின் மெழுகுப் பொருள்கள் மண்துகள்களைப் பூசிவிட்டன என்று பொருள். ஓரிரு சென்றிமீற்றர் கீழே தோண்டி மறுபடி சொட்டுவிட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேல்மண் நீரை ஏற்று, அதற்குக் கீழ் உள்ள படை மறுக்கும் இடங்களில்தான் மழை வந்ததும் மேல்மண் மொத்தமாக வழுக்கிக்கொண்டு போகும். சாம்பலின் நிறமும் பேசும்: கருமை அரைகுறை எரிவைக் காட்டும், வெண்மை முற்றாக எரிந்ததைக் காட்டும்.

செலவு ஆட்களிலும் போக்குவரத்திலும் போகிறது. செங்குத்துச் சரிவில் ஒரு குழு ஒரு நாளில் சில வட்டங்களுக்கு மேல் முடிக்க முடியாது. பாதைக்கு அருகே உள்ள இடங்களையே தெரிவுசெய்யும் ஆசையும் வரும், அப்படிச் செய்தால் முடிவு முழுக் காட்டுக்கும் பொருந்தாது. மறைசெலவு காலத்தில் இருக்கிறது. ஈரக்காட்டு மரங்கள் தீப்பட்ட உடனே சாவதில்லை. அமேசானில் தீக்கு ஓராண்டு கழித்து எண்ணியதைவிட மூன்றாண்டு கழித்து எண்ணியபோது செத்த பெருமரங்கள் அதிகமாக இருந்தன. ஒரு தடவை போய்வந்து "70 வீதம் பிழைத்தது" என்று எழுதும் அறிக்கை, மறுபடியும் போவதற்கான பணத்தை ஒதுக்கியிராவிட்டால், ஆபத்தை மறைக்கும் பக்கமே பிழைக்கும்.

## விலங்குகளை எண்ணுதல்

செய்தித்தாள்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏமாற்றுவதிலும் முதலிடம் இதற்குத்தான். அவுஸ்திரேலியாவின் 2019–20 தீயில் ஏறத்தாழ 300 கோடி விலங்குகள் பாதிக்கப்பட்டன என்ற கணக்கு, ஒரு ஹெக்டயரில் எத்தனை உயிர் இருந்திருக்கும் என்ற மதிப்பீட்டை எரிந்த பரப்பால் பெருக்கி வந்தது. அதில் இறந்தவையும் இடம்பெயர்ந்தவையும் சேரும். பிரேசிலின் பண்டனால் ஈரநிலத்தில் 2020 தீக்குப் பிறகு ஆய்வாளர்கள் கோடுகள் வழியே நடந்து சடலங்களையே எண்ணி, ஏறத்தாழ 1.7 கோடி முதுகெலும்பிகள் இறந்ததாகக் கணித்தார்கள். இரண்டும் நேர்மையான வேலைகள், ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவை அல்ல. சடலம் எண்ணுவதானால் தீ அணைந்து இரண்டு மூன்று நாளுக்குள் போக வேண்டும். காட்டுப்பன்றியும் உடும்பும் அதற்குப் பிறகு எதையும் மிச்சம் வைக்காது.

கமரா பொறிகள் பெரிய பாலூட்டிகளுக்கு ஏற்றவை. ஆனால் புதர் எரிந்தபின் பார்வை தெளிவாகிவிடுவதால் அதே எண்ணிக்கை விலங்குகள் கூடுதலாகப் படத்தில் விழும். மரையும் முயலும் இளந்தளிரைத் தேடி எரிந்த இடத்துக்கே வரும். அதைப் பார்த்துத் தீ நன்மை செய்தது என்று எழுதுவது அவசரம். 1988இல் யெலோஸ்டோன் பூங்காவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீப்பட்டபோது நெருப்பில் இறந்த எல்க் மான்கள் சில நூறுதான். வரட்சியாலும் மேய்ச்சல் குறைந்ததாலும் பெருந்தொகை மான்கள் மடிந்தது அடுத்து வந்த குளிர்காலத்தில். ஓட முடியாதவற்றைப் பற்றி, அதாவது தவளை, ஓணான், அழுங்குக் குட்டி, மரநத்தை ஆகியவற்றைப் பற்றிக் கமரா ஏறத்தாழ எதுவுமே சொல்லாது. இலங்கையின் ஈரவலயத்தில் வேறெங்கும் காணாத உயிர்களில் பெரும்பகுதி இந்தச் சிறியவைதான் என்பதால், இங்கு விலங்குக் கணக்கெடுப்பு ஆபத்தைக் குறைத்துக் காட்டும் என்பதே என் கருத்து. நான்கு கமராவுக்கான பணம் இருந்தால், எரிந்த இடத்திலும் எரியாத இடத்திலும் இரவில் விளக்கோடு நடந்து தவளைகளையும் ஓணான்களையும் எண்ணத் தெரிந்த ஒருவருக்கு அதைக் கொடுப்பது மேல்.

## நீரும் மீனும்

இந்த ஐந்தில் நம் நாட்டில் ஆகக் குறைவாகச் செய்யப்படுவதும், மழைக்கு முந்திய கெடுவோடு மிக இறுக்கமாகக் கட்டுண்டிருப்பதும் இதுவே. தீ நேரடியாக மீனைக் கொல்வது அபூர்வம். சிறிய ஓடை சூடாகும், நிழல் போகும். ஆனால் பெரிய அடி முதல் கனமழையோடு வருகிறது. சாம்பலும் மண்ணும் ஒன்றாக இறங்கி, செவுளை அடைத்து, முட்டையிடும் சரளைப் படுக்கையை மூடி, நீரின் வேதியியலை மாற்றிவிடும்.

நக்கிள்ஸிலிருந்து மகாவலிக்கு வடியும் களு கங்கையிலும் (களுத்துறையில் கடலில் விழும் களு கங்கை வேறு) அம்பன் கங்கையிலும் டோக்கின்சியா ஸ்ரீலங்கென்சிஸ், சிஸ்டோமஸ் மார்ட்டென்ஸ்டைனி, லேபியோ ஃபிஷெரி போன்ற மீன்கள் வாழ்கின்றன. இவற்றின் வாழிடம் மிகச் சிறியது. ஒரேயொரு கிளை ஓடையில் இறங்கும் சேற்று வெள்ளம் ஓர் இனத்தின் கணிசமான பங்கை அடித்துச் செல்லக்கூடும். எரிந்த பரப்பு மொத்த மலையில் ஒரு வீதமாக இருந்தாலும் இது மாறாது.

எதை அளப்பது? வெப்பநிலை, கலங்கல், காரத்தன்மை (பிஎச்), கரைந்த ஒட்சிசன், அமோனியா. இவற்றைத் தனித்தனியாக வாசித்தால் ஏமாந்துபோவோம். சாம்பல் நீரின் காரத்தன்மையை உயர்த்தும். 25 பாகை செல்சியஸில் பிஎச் 7 ஆக இருக்கும்போது மொத்த அமோனியாவில் நச்சு வடிவம் ஒரு வீதத்துக்கும் குறைவு, பிஎச் 9-இல் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். ஆகவே அமோனியா அளவு மாறாமலே ஓடை நச்சாகலாம். ஒட்சிசன் விடியலுக்குச் சற்று முன்தான் ஆகக் குறைவாக இருக்கும். கொழும்பில் இருந்து காலையில் புறப்பட்டு நண்பகலில் ஓடையை அடைந்து அளக்கிறவர்களுக்கு எல்லாம் நன்றாகவே தெரியும். எரியாத பக்கத்து ஓடை ஒன்றையும் கட்டாயம் சேர்த்து அளக்க வேண்டும், ஏனென்றால் மேலே தேயிலைத் தோட்டம் இருந்தால் அமோனியா யூரியா உரத்தில் இருந்தும் வந்திருக்கலாம், பழி தீயின் தலையில் விழும்.

மீனைப் பிடித்துப் பார்ப்பதா, நீரை வடிகட்டி அதிலுள்ள மரபணுத் தடயத்தைத் தேடுவதா என்பது உட்கேள்வி. மரபணு முறை மீனைத் துன்புறுத்தாது, அரிதானதையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் எத்தனை மீன், எந்த வயது என்று சொல்லாது. ஓடைக்கு வரும் கரிமப் பொருள்கள் ஆய்வுகூடச் சோதனையைத் தடுத்து, இருப்பதையும் இல்லை என்று சொல்ல வைக்கலாம். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தால் அனுமதிக்கே மழைக்காலம் கழிந்துவிடும். உள்ளூர் ஆய்வுகூடம் கிடைத்தாலொழிய, முதல் தடவைக்குக் கரையிலிருந்து கண்ணால் எண்ணுவதையும், உரிய அனுமதியோடு சிறுவலை வீசுவதையுமே நான் பரிந்துரைப்பேன்.

இந்த முறை உடனடி நடவடிக்கைக்கு இட்டுச் செல்லக்கூடியது. 2012இல் நியூ மெக்சிக்கோவில் பெருந்தீ எரிந்தபோது, பருவமழை வருமுன் அரிய கீலா டிரவுட் மீன்களைச் சில ஓடைகளில் இருந்து பிடித்து வெளியேற்றினார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லாத இடங்களிலும், எந்த ஓடைக்கு மேலே வைக்கோல் மூடாக்கும் தடுப்பு மரக்கட்டைகளும் போட வேண்டும் என்பது இந்த அளவீட்டில் தெரியும். கொழும்புவாசிகளுக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு: மஸ்கெலியாப் பக்கத்து மலைகளின் நீர் மவுசாக்கலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களைக் கடந்து களனி கங்கையாகி, அம்பத்தளையில் நம் குழாய்க்கு எடுக்கப்படுகிறது.

## நிபுணர்கள் கூடிப் புள்ளியிடுதல்

அமெரிக்க வனச் சேவை 2013இல் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு நல்ல மாதிரி. தீ வரும் சாத்தியம், வந்தால் அதன் உக்கிரம், அந்த உக்கிரத்துக்கு ஒவ்வொரு வளமும் எவ்வளவு பாதிக்கப்படும் என்ற மூன்றையும் பிரித்து, பாதிப்பை −100 முதல் +100 வரை புள்ளியிடுவார்கள். தீயால் நன்மையும் உண்டாகலாம் என்பதற்கு இடம் விட்டிருப்பது இதன் சிறப்பு. தீக்குப் பிறகல்ல, தீக்கு முன்பு செய்ய வேண்டிய மதிப்பீடு இது: அடுத்த வரட்சிக்குத் தீத்தடுப்புப் பாதையை எங்கே வெட்டுவது, காவலை எந்தக் கிராமத்தில் வைப்பது என்பவற்றுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

மண்டப வாடகையும் மதிய உணவும்தான் வெளிப்படையான செலவு. மறைசெலவு, ஊகங்கள் எண்களாக மாறியதும் அவற்றுக்கு வந்துவிடும் மதிப்பு. மேசையில் யானையைப் பற்றித் தெரிந்தவர் மூவர் இருந்து, மீனைப் பற்றித் தெரிந்தவர் எவரும் இல்லாவிட்டால், மீனுக்குச் சராசரிப் புள்ளி போட்டு எல்லோரும் கலைந்து போவார்கள். தோட்டத் தொழிலாளர்களையும் சேனை செய்வோரையும் அழைக்காமல் பத்தரமுல்லையிலும் கொழும்பிலும் இருந்தே புள்ளியிட்டால், தீ எங்கிருந்து, எதற்காக வைக்கப்படுகிறது என்ற முதல் தகவலே தவறிவிடும்.

## ஒரே பார்வையில்

| வழி | விடை வரும் காலம் | நன்றாகக் காண்பது | தவறவிடுவது | மறைசெலவு |
|---|---|---|---|---|
| செய்மதிப் படம் | ஓரிரு நாள் முதல் சில வாரம் | எரிந்த எல்லை, மரத்தலை இழப்பு | தரைத்தீ, சிறு ஓடைக்கரை | உள்ளூர் எல்லைகளைச் சரிபார்க்கும் பயணம் |
| சிறுவட்டங்கள் | சில வாரம் | மண், கீழடுக்கு, மரப்பட்டை | பாதையற்ற இடங்கள் | பின்னைய ஆண்டுகளில் மறுபயணம் |
| விலங்குக் கணக்கு | சில மாதம் | பெரிய பாலூட்டிகள் | சிறிய, மெதுவான உயிர்கள் | தீக்கு முந்திய தரவு |
| நீரும் மீனும் | மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று | ஓடையின் உடனடி அபாயம் | ஓடைக்கு அப்பாலுள்ள காடு | எரியாத ஓடை, விடியற்கால அளவீடு |
| நிபுணர் புள்ளி | சில நாள் | முன்னுரிமை, தீக்கு முந்திய திட்டம் | யாரும் அறியாதது | ஊகத்துக்குக் கிடைக்கும் எண் மதிப்பு |

## எந்த நிலைமையில் எது

மாணவர் குழுவாக இருந்து, செலவுக்கு வழியில்லாமல், நாடளாவிய படம் ஒன்று வேண்டும் என்றால் செய்மதி போதும்; ஆனால் தலைப்பில் "எரிந்த பரப்பு" என்றே எழுதுங்கள், "சூழல் பாதிப்பு" என்று எழுதாதீர்கள். எரிந்தது பத்தனைப் புல்வெளி மட்டுமே என்று படத்தில் உறுதியானால் அதோடு நிறுத்திக்கொள்வதும் சரியான முடிவுதான். அங்கே ஆட்களை அனுப்பும் பணத்தை வேறிடத்துக்கு மிச்சம் பிடிக்கலாம். ஹோட்டன் சமவெளி மட்டும் விதிவிலக்கு, ஏனென்றால் அங்கே ஊடுருவியுள்ள கோர்ஸ் முட்புதரின் விதைகள் தீக்குப் பின் முண்டியடித்து முளைக்கும், அதை நிலத்தில் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

மரநடுகைக்கு நிதி திரட்டும் நிறுவனமாக இருந்தால் சிறுவட்டங்கள் இல்லாமல் ஒரு கன்றுகூட நடக்கூடாது. தானாகத் துளிர்க்கக்கூடிய இடத்தில் நட்டுப் பணத்தைக் கரைப்பது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிறது. பைனஸ் தோட்டம் எரிந்திருந்தால் நிலைமை வேறு: அந்த மரத்தின் தடித்த பட்டை பிழைத்துக்கொள்ளும், எரியக்கூடிய ஊசிச்சருகு மறுபடி சேரும், ஆகவே அங்கே கேட்க வேண்டியது அந்த மரங்கள் தொடர்ந்து நிற்க வேண்டுமா என்பதே.

மலைக்காட்டுச் சரிவில் ஓடைக்கு மேலே எரிந்து, மழைக்கு நான்கு கிழமை மட்டுமே இருந்தால், செய்மதிப் படத்தில் ஒரு நாளும், சொட்டுநீர்ச் சோதனையில் இரண்டு மூன்று நாளும், மிகுதி முழுவதும் நீருக்கும் மீனுக்கும் என்று பிரிப்பேன். மலைச்சரிவு ஆபத்து இருக்கும் இடங்களில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் மண் சோதனை முடிவை உடனே அறிவித்துவிடுவது நல்லது, ஏனென்றால் ஓடைக்கு இறங்கும் அதே சேறு லயன் வீடுகளுக்கும் இறங்கும்.

அனுமதியைக் கடைசிக்கு விடவே கூடாது. ஒதுக்குக்காடுகளுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களமும், தேசியப் பூங்காக்களுக்கும் காப்பு விலங்குகளுக்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் அனுமதி தர வேண்டும். இரண்டின் தலைமையகமும் பத்தரமுல்லையில் இருப்பதால் கொழும்புக் குழுவுக்கு அலைச்சல் குறைவு, ஆனால் கோப்பு நகர வாரங்கள் ஆகும். தீ மூண்ட பிறகு விண்ணப்பித்தால் மழை முந்திவிடும். தீப்பருவம் தொடங்குமுன், நீங்கள் போகக்கூடிய இரண்டு மூன்று ஓடைகளுக்கு விண்ணப்பித்து, அங்கே ஒரு தடவை நீரை அளந்து, கரையிலிருந்து மீன்களையும் எண்ணி வைத்துக்கொண்டால், நான்காவது அளவுகோலான முந்திய தரவும் ஒரு வாகன வாடகைச் செலவில் கிடைத்துவிடும். அவ்வளவும் செய்த பிறகு பணம் மிஞ்சினால் மட்டும் கமரா வாங்குங்கள்.